முதல் இலை அண்ணனுக்கு

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான்; ஒரு கடிதம் எழுதினால்கூட முக்கியமானதை விட்டுவிட்டு, விட வேண்டியதை இரண்டு தடவை எழுதிவிடுவேன். போதாததற்கு இந்தக் கதையை எனக்கு முன்னால் பலபேர் சொல்லிவிட்டார்கள். என் கொழுந்தன் பவுன்ராஜின் முப்பத்தோரு சாப்பாட்டுக் கடைகளிலும், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், இதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் செத்த பிறகு முதன்முதலில் சாப்பிட வந்தது சாத்தூர் கடைக்குத்தான் என்று அதில் அச்சடித்திருக்கிறது. அது சரியில்லை. முதலில் அவர் வந்தது என் அடுப்படிக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை. இல்லை, புதன். செவ்வாய்க்கிழமை கருவாடு வாங்கினேன், புதன்கிழமை ஆக்கினேன். இதிலேயே தடுமாறுகிறேன் என்றால் மற்றதை எப்படிச் சொல்லி முடிப்பேனோ.

என் வீட்டுக்காரர் பேர் சீனிராஜ். சாத்தூரிலிருந்து அருப்புக்கோட்டை போகிற தனியார் பஸ்ஸில், எங்களுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து, இருபத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஐப்பசி மாசம் ஒரு காலையில், பஸ் ஸ்டாண்டில், விசிலை வாயில் வைத்தவர் ஊதாமலே சாய்ந்துவிட்டார். டிரைவர் விசில் வரும் வரும் என்று கால்மணி நேரம் காத்திருந்தாராம்.

பதினாறு கழிந்து அவருக்குப் பிடித்ததை ஆக்கிப் படைத்தேன். நெத்திலிக் கருவாடும் மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. செத்தவர்களுக்குப் படைக்கிற சாப்பாட்டை உப்புப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆக்குகிறவள் ஒரு சொட்டைக்கூட நாக்கில் விடக் கூடாது, விட்டால் அது எச்சில், எச்சிலை அவர்கள் தொட மாட்டார்கள். கருவாட்டுக் குழம்பை உப்புப் பார்க்காமல் இறக்குவது என்ன பாடு என்று ஆக்குகிறவர்களுக்குத் தெரியும். கருவாடு தன் உப்பைத் தன்னிடமே ஒளித்து வைத்திருக்கும், வெந்நீரில் எத்தனை தடவை அலசினாலும் விடாது, புளி கொதிக்கிறபோது, அதுவும் தனக்குத் தோன்றுகிறபோதுதான் விடும். நான் வாசனையையும் கொதிக்கிற சத்தத்தையும் வைத்து உப்புப் போடக் கற்றுக்கொண்டேன். ஊரில் அமாவாசைக்கு அமாவாசை படைப்பார்கள். எனக்கு வேறு வேலை தெரியவில்லை, நான் தினமும் படைத்தேன்.

இப்படி ஒரு மாசத்துக்கு மேல் போனபோது, அந்தப் புதன்கிழமை, சரியாக ஒரு மணிக்கு, காக்கிச் சட்டையோடு அவர் பின்வாசல் வழியாக வந்து, செருப்பைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டு, இலைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "கொஞ்சம் கொழம்பு ஊத்து கனி" என்றார். என் முழுப்பேர் ராசகனி. கனி என்று கூப்பிட்டது அவர் ஒருவர்தான். ஊற்றினேன். எனக்கு அப்போது வந்த கவலையெல்லாம் மொச்சை வெந்திருக்குமா என்பதுதான். அவர் சாப்பிட்டார், வழித்து நக்கினார், கையைக் கழுவினார், ஒன்றரைக்கு எழுந்து போனார். மறுநாளும் வந்தார்.

தெருவில் முதலில் தெரிந்துகொண்டது பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாதான். சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏ ராசகனி, ஒன் வீட்டுக்காரர் கொரல் கேட்டுச்சே. வந்துருக்காரா?"

"ஆமாக்கா. சாப்பிட வந்தாரு."

"நாளைக்கு வந்தா எங்க ஏணி எங்கன்னு கேளு. எழவு வீட்ல போய்க் கேக்கக் கூடாதேன்னு இத்தன நாளா வாயப் பொத்திக்கிட்டு இருக்கேன்."

கேட்டேன். வாயில் சோற்றோடு, "தண்ணித் தொட்டிக்குப் பின்னால" என்றார். ஏணி அங்கேதான் இருந்தது. அதன் பிறகு தெருவில் யாரும் சந்தேகப்படவில்லை. ரேஷன் கடைக்காரரிடம் அவர் பேரைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டபோது, "மதியம் மட்டும் வர்றவருக்கு கார்டுல எடம் கெடையாதும்மா" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தெருப் பெண்கள் ஒரு நாள் பாண்டியம்மா வீட்டில் கூடிப் பேசி, ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரைக்கும் நான் பூவும் குங்குமமும் வைத்துக்கொள்ளலாம், மற்ற நேரத்துக்கு வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து பூக்காரி பன்னிரண்டரைக்கே வந்து ஒரு முழம் அளந்து கொடுப்பாள், இரண்டு மணிக்குக் குப்பை எடுக்கிறவள் வந்து அதை வாங்கிக்கொண்டு போவாள்.

எனக்கு வேண்டியதெல்லாம் அந்த அரை மணி நேரம்தான். உலகத்தில் வேறு எதையும் நான் கேட்கவில்லை. அதைத்தான் எனக்குக் காப்பாற்றத் தெரியவில்லை.

பவுன்ராஜ் என் வீட்டுக்காரரின் தம்பி. தண்ணீர்க் கேன் போட்டுப் பார்த்தான், செல்போன் கடை வைத்துப் பார்த்தான், கோழிப்பண்ணை வைத்துப் பார்த்தான், ஒன்றும் நிற்கவில்லை. அண்ணன் வருகிறார் என்று கேள்விப்பட்டு ஓடி வந்து, அவர் சாப்பிடுகிறதைத் தூணில் சாய்ந்து பார்த்து ஏங்கி ஏங்கி அழுதான். அவர் எழுந்து போன பிறகு பக்கத்தில் ஓர் இலை போட்டு அவனுக்கும் வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டவன் அழுகையை நிறுத்தினான்.

"மதினி, இந்தக் கொழம்ப நாலு பேருக்குப் போடணும்."

"நாலு பேருன்னா யாருடா?"

"நாலு பேருன்னா ஊரு மதினி."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு கடை பிடித்து, 'மதினி வீட்டுச் சாப்பாடு' என்று போர்டு வைத்தான். குழம்பை நான் இங்கே இருந்து ஆக்கிக் கொடுத்தேன். திறந்த அன்றைக்கு, "மொத எலை அண்ணனுக்கு" என்று ஃபேனுக்குக் கீழே ஓர் இலை போட்டு வைத்திருந்தான். வீட்டில் ஒன்றரைக்கு எழுந்த என் வீட்டுக்காரர் நேராக நடந்து போய் அங்கேயும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். உயிரோடு இருந்தபோதும் இரண்டு தடவை சாப்பிடக்கூடியவர்தான். பழைய டிரைவர்களும் செக்கர்களும் சுற்றி உட்கார்ந்து, "என்னப்பா சீனி, டூட்டி எப்ப ஏறப்போற?" என்று கேலி பண்ணினார்களாம், அவர் சிரித்தாராம். அதைக் கேட்டு நானும் சந்தோஷப்பட்டேன். இதை மறைக்கக் கூடாது. சந்தோஷப்பட்டேன்.

கடை நிறைந்தது. அருப்புக்கோட்டையில் இரண்டாவது கடை. அதற்கு என் கையளவையெல்லாம் பவுன்ராஜ் நகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டான். ஒரு பிடி மல்லி, ஒரு சிட்டிகை வெந்தயம், சுண்டுவிரல் நகம் முங்குகிற அளவு எண்ணெய், எல்லாவற்றுக்கும் ஓர் எண் போட்டான். அங்கே மாஸ்டராக வந்தவர் காசிவிசுவம் அண்ணாச்சி, முப்பது வருஷம் கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்தவர். எழுதினபடியே ஆக்கினார். முதல் இலையும் போட்டார்கள். என் வீட்டுக்காரர் போகவில்லை. நான்கு நாள் அந்த இலை காய்ந்தது. சாப்பிட வந்தவர்களும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஓட்டல் கொழம்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனான் பவுன்ராஜ். நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அண்ணாச்சி எல்லாம் சரியாகத்தான் செய்தார். இறக்கப்போகிற நேரத்தில் கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு, நக்கி, கண்ணை மூடித் தலையை ஆட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது.

"அண்ணாச்சி, உப்புப் பாக்காதீங்க" என்றேன்.

"உப்புப் பாக்காம எறக்குறதா? கண்ணக் கட்டிக்கிட்டுத் தாலி கட்டச் சொல்றியே தாயி!"

"கட்டுங்க அண்ணாச்சி" என்றான் பவுன்ராஜ்.

மறுநாள் அவர் உப்புப் பார்க்காமல் இறக்கினார். மூன்று மணிக்கு என் வீட்டுக்காரர் தான் வேலை பார்த்த பஸ்ஸிலேயே அருப்புக்கோட்டை போய் இறங்கி, கடைக்குள் நுழைந்து, கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கே பவுன்ராஜ் ஒரு தகரப் பலகை எழுதி அடுப்படியில் மாட்டினான்: 'உப்புப் பார்க்கக் கூடாது. முதல் இலை அண்ணனுக்கு.'

அப்புறம் நடந்ததற்குக் கணக்கே இல்லை. விருதுநகர், ராஜபாளையம், திருநெல்வேலி, மதுரை. நிலத்தை விற்றவர்கள், வேலையை விட்டவர்கள், மருமகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் எல்லாரும் பவுன்ராஜைத் தேடி வந்து, தங்கள் ஊரிலும் அந்தப் பேரில் கடை போட அனுமதி கேட்டார்கள். எல்லாரும் கடைசியாகக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அண்ணன் எங்க ஊருக்கும் வருவாருல்ல?" அவர் வந்தால் குழம்பு சரி, வராவிட்டால் சரியில்லை. மூன்று நாள் சேர்ந்தாற்போல அவர் வராத கடையின் மாஸ்டரைத் திரும்பச் சாத்தூருக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினான். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது எந்த ஒப்பந்தத்திலும் அவர் பேர் வந்ததில்லை.

பஸ் ஏறிப் போய்ச் சாப்பிடுகிற தூரம் வரைக்கும் அவர் முழுதாக இருந்தார். மதுரையைத் தாண்டின பிறகு, எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் இலை போட்டபோது, எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் இருந்தார். ஆனால் எங்கேயும் முழுதாக இல்லை. மதுரையில் மேசைக்குக் கீழே காலில்லை, அதனால் அங்கே பெருக்குகிறவளுக்கு வசதியாக இருந்தது. திருச்சியில் காக்கிச் சட்டை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். சேலத்தில் வலது கை மட்டும் வந்து பிசைந்து உருட்டிவிட்டுப் போகும். கல்யாணம் நிச்சயமான பெண்கள் அந்தக் கையிடம் குங்குமம் வாங்கிக்கொள்ளத் தொடங்கினார்கள். ஓசூரில் இருமல் மட்டும்தான், கம்பெனி ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, "அண்ணன் இருமிட்டாரா? அப்ப உக்காரலாம்" என்பார்கள். சென்னையில் யாரும் எதையும் பார்த்ததில்லை. இலையில் குழம்பு குறையும், அவ்வளவுதான், அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

எங்கள் வீட்டிலும் குறைந்தது. ஒரு நாள் பின்வாசலில் செருப்பைக் காணோம். இன்னொரு நாள் தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று கேட்டார், இருபத்திரண்டு வருஷமாக அதே மூலையில்தான் இருந்தது. அரை மணி நேரம் இருபது நிமிஷம் ஆனது, இருபது பத்தானது. பூக்காரி தயங்கித் தயங்கி, "யக்கா, இன்னிமே அர மொழம் போதுமா?" என்று கேட்டாள். பாண்டியம்மா வீட்டில் திரும்பவும் கூடிப் பேசி, பத்து நிமிஷத்துக்குப் பூ எதற்கு, குங்குமம் மட்டும் போதும் என்று சொன்னார்கள். யாரும் மனசார என்னை நோகடிக்க நினைக்கவில்லை. நிலவரத்துக்குத் தக்கபடி சொன்னார்கள்.

நான் பவுன்ராஜிடம் போனேன். அவன் அப்போது அடுத்த வருஷம் நூறு கடை என்று ஒரு பெரிய வரைபடத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.

"போதும் பவுனு. அவரப் பிச்சுப் பிச்சுப் போடுற. எனக்குன்னு ஒண்ணும் மிச்சமில்ல."

அவன் கையிலிருந்த பொட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "மதினி, அப்பா செத்த வருசம் வீட்ல ஒரு ஆளுக்குத்தான் சோறு இருக்கும். எனக்கு வச்சிட்டு, பசிக்கலடான்னு சொல்லிட்டு, செம்புத் தண்ணியக் குடிச்சிட்டுப் படுப்பாரு. அவருக்கு ஒரு நாளைக்கு முப்பத்தோரு எலை போடுறேன். நூறு போடுவேன். இதவிட நான் அவருக்கு என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

அவன் பொய் சொல்லவில்லை. நான் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி வந்தேன்.

அதற்குள் எல்லாக் கடைக்குமான மசாலாவும் புளிக்கரைசலும் சாத்தூரில் ஒரே இடத்தில்தான் தயாரானது. முந்தின நாளே வேனில் ஏறி ஊர் ஊராகப் போகும். தினமும் காலையில் போய், பெரிய அண்டாக்களில் என் கையால் உப்புப் போட்டுவிட்டு வருவது மட்டும்தான் என் வேலை. நான் யோசித்தேன். நான் யோசித்தால் எப்போதும் தப்பாகத்தான் முடியும். அண்டாவில் உப்புப் பார்த்துவிட்டால் எல்லாக் கடைக் குழம்பும் எச்சில். அவர் எங்கேயும் போக முடியாது. வீட்டில் மட்டும் தனியாக, எச்சில் படாமல் ஆக்கினால், முழுதாக என்னிடம் வந்துவிடுவார். காலும் செருப்பும் சட்டையும் கையும் இருமலுமாக.

ஒரு வியாழக்கிழமை, யாரும் பார்க்காதபோது, ஒவ்வோர் அண்டாவிலும் விரலை விட்டு நக்கினேன்.

வெள்ளிக்கிழமை முப்பத்தோரு இலையும் காய்ந்தது. ஓசூரில் வாசலில் நின்றவர்கள் இருமல் கேட்காமல் மூன்று மணி வரைக்கும் நின்று, வேறு கடைக்குப் போனார்கள். மாஸ்டர்கள் ஒவ்வொருவரும் தன் கைதான் கெட்டுப்போனது என்று நினைத்தார்கள். காசிவிசுவம் அண்ணாச்சி எனக்குப் போன் போட்டு, "என் கை போச்சு தாயி, முப்பது வருசக் கை போச்சு" என்று குழந்தை மாதிரி அழுதார். நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் கண்ணெல்லாம் பின்வாசலில் இருந்தது. தெருவில் என்ன சொன்னாலும் பரவாயில்லை என்று ஒரு முழம் பூ வாங்கி வைத்திருந்தேன். ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. இலையில் சோறு விறைத்தது. குழம்பில் ஏடு படிந்தது. அவர் வரவில்லை. எங்கேயும் இலை இல்லாவிட்டால் எனக்கு மட்டும் வருவார் என்று நினைத்தேனே தவிர, முப்பத்தோரு இடத்தில் கிடக்கிறதைப் பொறுக்கி ஒன்றாக்கிக்கொண்டு வர அவருக்குத் தெரியுமா என்று நினைத்துப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலும் அண்டாக்களை நக்கியிருந்தேன், சனிக்கிழமை இலையும் காய்ந்தது. இரண்டே இரண்டு நாள். அதைக்கூட என்னால் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை அண்டாக்களில் கையை மட்டும் காட்டி உப்பைப் போட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எல்லா ஊரிலும் அவர் வந்தார். அண்ணாச்சி தன் கைக்கு ஒரு வெள்ளிக் காப்பு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஒரு மணிக்குப் பாய் அமுங்கியது. ஆளில்லை. சட்டையில்லை, கையில்லை. சோறு தானாகக் குறைந்தது, குழம்பு தானாகக் குறைந்தது, நான் கேட்காமலே இரண்டாவது தடவை ஊற்றினேன், அதுவும் குறைந்தது. அப்புறம் குரல் மட்டும் கேட்டது. அவர் குரல்தான், பஸ்ஸில் 'உள்ள போ, உள்ள போ' என்று கத்திக் கத்திக் கரகரத்த குரல்.

"நல்லாருந்துச்சும்மா. வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கு."

"என்னங்க" என்றேன். "இது வீடுதாங்க. நான் கனி."

பாய் இன்னும் அமுங்கித்தான் இருந்தது. அவர் யோசிக்கிறார் என்று நினைத்தேன். அவர் யோசிக்கும்போது தொடையில் விரலால் தட்டுவார், அந்தத் தட்டல் கேட்கிறதா என்று குனிந்து காதை வைத்துப் பார்த்தேன்.

"சரிங்கம்மா" என்றார். "பில்லு கொண்டாங்க."

எல்லாக் கடையிலும் சொல்கிறதைத்தான் சொன்னேன். "மொத எலைக்கு பில்லு கெடையாதுங்க."

"ரொம்ப நன்றிம்மா" என்றார். பாய் நிமிர்ந்தது.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எனக்கு ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. யார் பெண்டாட்டிக்கு நன்றி சொல்கிறார்கள்? அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்டால் நான் இருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அண்டாவில் உப்புப் போடுவதை நான் நிறுத்தவில்லை. எத்தனையோ மாஸ்டர்களும் அவர்கள் வீடுகளும் அதில் இருக்கின்றன. ஆனால் என் வீட்டில் என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் ஒன்று செய்தேன்.

கல்யாணமான முதல் மாசம், என் அம்மா வீட்டுப் பக்குவத்தில் பாகற்காய்க் குழம்பு ஆக்கினேன். ஒரு வாய் வைத்தவர் இலையை மூடிவிட்டு எழுந்து, "இந்தக் கசப்ப இன்னொரு தடவ ஆக்குன, நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் கனி" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார், ஆனால் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார். நான் பயந்துபோய், அவர் இருந்தவரைக்கும் ஒரு நாளும் ஆக்கவில்லை.

இப்போது தினமும் ஆக்குகிறேன். சந்தையில் நல்ல முற்றின காயாகப் பார்த்து வாங்கி, கசப்புப் போகிற எதையும் செய்யாமல், அப்படியே நறுக்கிப் போட்டு ஆக்கி, ஒரு மணிக்குப் பின்வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஆறு மாசமாகிறது. அவர் வரவில்லை. எந்த வீட்டுப் படியை ஏற மாட்டேன் என்றாரோ, அந்த வீடு எது என்று அவருக்கு இன்னும் தெரிகிறது.